இத்தா தெரிந்த வீட்டில் எட்டில் ஒன்று தெரியவில்லை

அத்தா (அப்பா) மௌத்தானபோது, அம்மாவுக்கு இத்தா, அதாவது கணவனை இழந்தவள் காத்திருக்கும் காலம், நாலு மாதம் பத்து நாள் என்று சொல்லாத ஆள் இல்லை. எந்த அறையில் இருக்க வேண்டும், யார் முன்னால் வரலாம், யார் முன்னால் வரக்கூடாது, எதற்கெல்லாம் வெளியே போகலாம் என்பது பக்கத்துத் தெருப் பெரியம்மா வரைக்கும் மனப்பாடம். குர்ஆனில் 2:234-ல் இருக்கும் சட்டம் அது. அதிலிருந்து இரண்டு சூரா (அத்தியாயம்) தள்ளி 4:12-ல், பிள்ளைகள் இருக்கும்போது கணவன் விட்டுச்சென்றதில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்று இருக்கிறது. அதைச் சொல்ல ஒருவர்கூட வரவில்லை.

யாரும் வேண்டுமென்றே மறைத்ததாக நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே தெரியாது. ஒளுவின் ஃபர்லு (கடமைகள்), தொழுகையின் ஃபர்லு, நோன்பை முறிக்கும் காரியங்கள் என்று சின்ன வயதில் மதரஸாவில் ராகம் போட்டு ஓதியவர்கள்தான் எல்லோரும். ஜனாஸா தொழுகைக்கு நான்கு தக்பீர் என்பது ஏழு வயதுப் பையனுக்குத் தெரியும். அந்த ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்பது எழுபது வயதுப் பெரியவருக்கும் தெரிவதில்லை.

எங்களுடையது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ராவுத்தர் குடும்பம். அத்தாவுக்கு ஒரு வீடு, கொஞ்சம் தென்னந்தோப்பு, வங்கியில் கொஞ்சம் பணம். அண்ணன் ஒருவர், அடுத்து நான், எனக்குக் கீழே ஒரு தங்கச்சி. அத்தாவைப் பெற்ற நன்னிமாவும் எங்களோடுதான் இருந்தார். மகனுக்கு முன்னால் நான் போயிருக்கக் கூடாதா என்று அழுதுகொண்டே மூலைக்கட்டிலில் கிடந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து பந்தல் பிரித்ததும் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, பேச்சை எடுத்தார். “பொம்பளப் பிள்ளைகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு. ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது.” சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் முடியும். சண்டை இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து, வெளியே வந்து ஒரு டீ, அவ்வளவுதான்.

“போடுறேன் பெரியத்தா. என்னன்னு படிச்சுட்டுப் போடுறேன்” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் படிக்காதே என்று ஒரு முஸ்லிம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அது ஒரு வசதி.

“அறிவைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை” என்ற நபிமொழியைக் கேட்காத ஜும்ஆ இல்லை. இப்னு மாஜா என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் அனஸ் (ரலி) வழியாக வருவது. மீலாது மேடையில், மதரஸா ஆண்டு விழாவில், கல்யாண பயானில் எல்லாம் சொல்வார்கள். சொன்ன கையோடு முஸ்லிம்கள் ஒருகாலத்தில் வானவியலிலும் மருத்துவத்திலும் எப்படிக் கொடிகட்டிப் பறந்தார்கள் என்று போய்விடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ‘கடமை’ என்று ஒன்றைச் சொன்னால் அதற்கு அளவு வேண்டாமா? எதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கடமை நீங்கும்?

இதற்குப் பழைய காலத்து மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ நூலில் சொல்லும் விளக்கம்தான் எனக்குப் பிடிபட்டது. ஒருவன் முற்பகலில் வயதுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த நேரத்தில் அவன் தெரிந்துகொள்ள வேண்டியது கலிமாவும் அதன் பொருளும்தான். நண்பகல் தொழுகையான லுஹர் நேரம் நெருங்கினால் ஒளுவும் தொழுகையும் கற்பது கடமையாகிறது. ரமலான் வந்தால் நோன்பு. கையில் பணம் சேர்ந்து வருடம் திரும்பினால் கட்டாய தர்மமான ஜகாத். வியாபாரத்தில் இறங்கினால் வட்டி எது, லாபம் எது என்பது. காரியம் எப்போது வாசலுக்கு வருகிறதோ அப்போது அதைப் பற்றிய அறிவு கடமையாகிறது. அப்படிப் பார்த்தால் அத்தாவின் ஜனாஸா வெளியே போன நிமிடத்திலிருந்து வாரிசுச் சட்டம் எங்கள் வீட்டில் எல்லோர் மேலும் கடமையாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டியவள் மேல் மட்டுமல்ல, வாங்கப் போகிற அண்ணன் மேல் இன்னும் கூடுதலாக.

அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த தமிழ் தர்ஜமாவை (குர்ஆன் மொழிபெயர்ப்பை) எடுத்து அந்நிஸா அத்தியாயத்தை உட்கார்ந்து படித்தேன். 4:7-லேயே, கொஞ்சமோ அதிகமோ ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, அது விதிக்கப்பட்ட பங்கு என்று வந்துவிடுகிறது. 4:11, 4:12 இரண்டும் முழுக்கப் பின்னக் கணக்கு: பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. தொழுகைக்கு எத்தனை ரக்அத் என்று குர்ஆனில் எண் கிடையாது, அது நபிவழியில் வந்தது. பங்குக்கு எண் போட்டே இருக்கிறது. அதைத்தான் நாங்கள் ‘பெரியவங்க பார்த்து ஏதாவது செய்வாங்க’ என்று விட்டிருந்தோம்.

தர்ஜமா படித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். அதே நேரத்தில் என் தோழி ஒருத்தியின் வீட்டிலும் இதே பிரச்சினை. அவளும் அவள் அக்காவும் மட்டும்தான், ஆண் பிள்ளை இல்லை. வசனத்தில் ஒரே மகளாக இருந்தால் பாதி, இரண்டுக்கு மேற்பட்டவர்கள் என்றால் மூன்றில் இரண்டு என்று இருக்கிறது. சரியாக இரண்டு பேர் என்றால்? வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். பதில் ஹதீஸில் இருந்தது. உஹதுப் போரில் ஷஹீதான சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, இரண்டு மகள்களைக் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பிள்ளைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், இவர்களை எப்படிக் கட்டிக்கொடுப்பேன் என்று முறையிட்டார். பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. சிறிய தந்தையை அழைத்து, இரண்டு மகள்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கையும், தாய்க்கு எட்டில் ஒன்றையும் கொடுங்கள், மீதி உங்களுக்கு என்று நபியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். திர்மிதி, அபூதாவூத் ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கும் செய்தி. கவனித்தீர்களா, கணவனை இழந்த ஒரு பெண் நேராகப் போய்க் கேட்டதற்குப் பதிலாக வந்த சட்டம் இது. எங்கள் ஊரில் இப்படிக் கேட்கும் பெண்ணுக்குச் ‘சொத்தாசை பிடித்தவள்’ என்று பெயர்.

தர்ஜமா கேள்வியை உருவாக்கும். பதிலுக்கு ஆள் வேண்டும். அதனால் மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் போனோம். இங்கே ஒரு நடைமுறை விஷயம், இது தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். முதலில் அண்ணன் ஃபோன் போட்டு, “ஹஜ்ரத், பொம்பளப் பிள்ளைகளுக்குச் சொத்துல பங்கு உண்டா?” என்று கேட்டார். “உண்டு, ஆணுக்கு ரெண்டு பெண்ணுக்கு ஒண்ணு” என்று பதில் வந்தது. சரியான பதில்தான், ஆனால் அதை வைத்து ஒரு தென்னை மரத்தைக்கூடப் பிரிக்க முடியாது. நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நேரில் போனேன். அத்தா மௌத்தான அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள் யார் யார், அவர்களுக்கும் அத்தாவுக்கும் என்ன உறவு, அத்தா வாங்கிய கடன், கொடுத்த கடன், எந்தச் சொத்து யார் பெயரில், வாய்மொழியாக ஏதாவது சொல்லியிருந்தாரா, எந்த மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). ஹஜ்ரத் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது.

“அத்தாவோட உம்மா ஹயாத்தா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அப்ப அவங்களுக்கு ஆறில் ஒண்ணு.”

எங்கள் யாருடைய கணக்கிலும் நன்னிமா இல்லை. தாலுகா ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் அச்சடித்தே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் பேசினோம். சாப்பாடு கொடுக்கிறோம், மருந்து வாங்கித் தருகிறோம், வயதானவருக்கு வேறென்ன வேண்டும் என்பது போலத்தான் நினைப்பு. பிள்ளைகள் இருக்கும் மகன் இறந்தால் தாய்க்கு ஆறில் ஒன்று என்று 4:11 சொல்கிறது. இணையத்தில் வாரிசுப் பங்கு கணக்கிடும் கருவிகள் இருக்கின்றன, சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ‘தாய் இருக்கிறாரா’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியது நாம்தான். அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு ஆலிம் எதிரே இருப்பது வேறு.

ஹஜ்ரத் அப்போதே கணக்கைப் போட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுதித் தருகிறேன், இன்னொருவரிடமும் காட்டிக்கொள்கிறேன், நாளைக்கு வாங்க என்றார். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் சலிப்பு. எனக்கோ அதற்குப் பிறகுதான் அவர் மேல் நம்பிக்கையே வந்தது. இந்த ஆறில் ஒன்றைப் பற்றியே ஒரு பழைய செய்தி உண்டு. ஒரு பாட்டி, தன் பேரனின் சொத்தில் பங்கு கேட்டுக் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வந்தார். உனக்கு அல்லாஹ்வின் வேதத்தில் பங்கு எதுவும் இல்லை, நபிவழியில் இருப்பதாகவும் நான் அறியவில்லை, மக்களிடம் விசாரிக்கும்வரை போய் வா என்றார் அவர். விசாரித்தார். முகீரா பின் ஷுஅபா (ரலி) எழுந்து, நபியவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒன்று கொடுத்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். அதோடு விடவில்லை, உன்னோடு வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார். முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அதை உறுதி செய்த பிறகே பங்கு கொடுக்கப்பட்டது. நாட்டை ஆளுகிறவர், நபியின் நெருங்கிய தோழர், ஒரு கிழவியின் முன்னால் எனக்குத் தெரியாது என்கிறார். நம் யூடியூப் பயான்களில் இந்த வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள்.

கணக்கு இப்படி வந்தது. மொத்தத்தை 96 பங்காக வைத்தால் அம்மாவுக்கு எட்டில் ஒன்று, 12. நன்னிமாவுக்கு ஆறில் ஒன்று, 16. மீதி 68-ஐ நாலாக்கி அண்ணனுக்கு 34, எனக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு 17. ஏன் 96 என்று அண்ணன் மகன், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன், எங்களுக்கு விளக்கினான். மீச்சிறு பொது மடங்கு. 8-க்கும் 6-க்கும் 24, அதில் மீதி 17-ஐ நாலாகப் பிரிக்க முடியாது, அதனால் நாலால் பெருக்கினால் 96. அவன் பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்குதான். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி, இயற்கணிதத்துக்கு அடிப்படை போட்ட தம் நூலில் ஒரு நீண்ட பகுதியை மரண சாசனக் கணக்குக்கும் வாரிசுக் கணக்குக்குமே ஒதுக்கியிருக்கிறார். மார்க்கக் கல்வி, உலகக் கல்வி என்று இரண்டு பீரோ செய்து தனித்தனியாகப் பூட்டியது நாம்தான்.

பங்கு பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு வசனங்களில் மட்டும் ‘மரண சாசனத்தையும் கடனையும் நிறைவேற்றிய பிறகே’ என்ற கருத்து நான்கு முறை வருகிறது. அடக்கச் செலவு, கடன், அப்புறம் மரண சாசனம், அதற்குப் பிறகு மிச்சமிருப்பதில்தான் பங்கு. கூட்டுறவுச் சங்கக் கடனும் உரக்கடைப் பாக்கியும் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஹஜ்ரத் கேட்ட கடன் வேறு, நிக்காஹில் மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர்: “உம்மாவோட மஹரைக் கொடுத்தாச்சா?”

அம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார். பள்ளிவாசல் அலுவலகத்தில் பழைய நிக்காஹ் தஃப்தரை (பதிவேட்டை) எடுக்கச் சொல்லிப் பார்த்தோம். மஹர் மூன்று பவுன் என்று எழுதியிருந்தது, ரொக்கமாகக் கொடுத்ததாகக் குறிப்பில்லை, அம்மாவும் வாங்கவில்லை. ஆக அத்தா அம்மாவுக்கு மூன்று பவுன் கடன்காரராகவே போயிருக்கிறார். அந்த மூன்று பவுன் பங்கில் சேராது. முதலில் எடுத்து வைக்க வேண்டிய கடன். அன்றைய விலையில் பணமாகக் கொடுத்தால் போதாதா என்றார் பெரியத்தா. பவுன் என்று எழுதியிருந்தால் பவுன்தான் என்றார் ஹஜ்ரத்.

‘வீடு அண்ணனுக்குத்தான்னு அத்தா சொல்லிக்கிட்டே இருந்தாரு’ என்ற பேச்சும் வந்தது. சொன்னது உண்மைதான், நானே கேட்டிருக்கிறேன். ஆனால் வாரிசுக்கு மரண சாசனம் இல்லை என்பது தெளிவான நபிமொழி. மற்ற வாரிசுகள், அத்தா இறந்த பிறகு, மனமுவந்து ஒப்புக்கொண்டால் தவிர அது செல்லாது. வாரிசு அல்லாதவர்களுக்கு வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு வரை எழுதி வைக்கலாம். சஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் அந்த மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்றார்கள் நபியவர்கள். உயிரோடு இருக்கும்போதே வீட்டை அன்பளிப்பாகக் கொடுத்து, அண்ணன் கைவசமும் ஒப்படைத்திருந்தால் அது வேறு கதை. அத்தா அப்படிச் செய்யவில்லை. அதேபோல எங்களுக்குப் போட்ட நகை. கல்யாணத்தில் போட்டது அன்பளிப்பு, அதற்காக மகளின் பங்கு கழிந்துபோகாது. இதைக் கேட்டதும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எத்தனையோ வீடுகளின் விடுதலைப் பத்திரம் அந்த ஒரு வாதத்தின் மேல்தான் நிற்கிறது.

அரசாங்கச் சட்டம் வேறு, ஷரீஅத் வேறு என்று பலர் குழப்புவார்கள். உயில் எதுவும் இல்லாத நிலையில் நம் சொத்துக்கு 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படி இதே பங்குதான் நீதிமன்றத்திலும். அந்தச் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-ல் திருத்தம் வந்து அதுவும் சேர்ந்துவிட்டது. ‘தோப்புல பொண்ணுக்குப் பங்கு கிடையாது’ என்று யாராவது சொன்னால் அந்தத் திருத்தத்துக்கு முந்திய காலத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். வங்கி டெபாசிட்டில் நாமினியாக அண்ணன் பெயர் இருந்தது. நாமினி என்பவர் பணத்தை வாங்கும் ஆள், உரிமையாளர் அல்ல. வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

தள்ளிப்போடவும் கூடாது. நன்னிமாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. பிரிப்பதற்குள் அவரும் போய்விட்டால், அந்த ஆறில் ஒன்று காணாமல் போகாது, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதாவது பெரியத்தாவுக்கும் அத்தைமார்களுக்கும். ஹஜ்ரத் இதைச் சொன்னபோது பெரியத்தா முதல்முறையாகக் கவனமாகக் கேட்டார். இரண்டு மூன்று தலைமுறை பிரிக்காமல் விட்ட வீடுகளில் முப்பது நாற்பது பேரின் கையெழுத்துக்கு அலைவதெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அண்ணன் நல்லவர். முதலில் முகம் வாடினார், இல்லையென்று சொல்லவில்லை. ஹஜ்ரத் எழுதிக் கொடுத்த ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) தாளை மதினியோடு உட்கார்ந்து படித்தார். 4:10-ல் அநாதைகளின் சொத்தைச் சாப்பிடுகிறவர்கள் வயிற்றில் நெருப்பைச் சாப்பிடுகிறார்கள் என்று வருவதை மதினிதான் எடுத்துக் காட்டியதாகப் பிறகு சொன்னார். விடுதலைப் பத்திரத்துக்குப் பதிலாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. வீட்டை உடைக்க முடியாது, அதனால் மதிப்புப் போட்டு அண்ணன் வீட்டை வைத்துக்கொண்டு எங்களுக்குத் தோப்பிலும் பணத்திலும் சரிக்கட்டினார். தங்கச்சி தன் பங்கில் ஒரு பகுதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தாள். அது அவள் உரிமை. எவ்வளவு என்று தெரிந்து, கைக்கு வந்த பிறகு கொடுத்தாள், அதுதான் வித்தியாசம். ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று நியாயமா என்று தொலைக்காட்சியில் இரவு முழுக்க விவாதிக்கிறார்கள். அந்த ஒன்றாவது கைக்கு வந்த பெண்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்குக் கூச்சப்படுவது நம் பழக்கமாகிவிட்டது. அன்சாரிப் பெண்கள் எவ்வளவு சிறந்தவர்கள், மார்க்கத்தை விளங்கிக்கொள்வதை விட்டும் வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) பாராட்டியதாக ‘முஸ்லிம்’ ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அபூதாவூதில் இன்னொரு செய்தி, படிக்கும்போதே பதறும். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். குளிப்புக் கடமையாகிறது. தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்யும் தயம்மும் செய்தால் போதுமா என்று கூட வந்தவர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்கிறார்கள். குளித்தார், இறந்தார். நபி (ஸல்) கடும் கோபம் கொண்டு, அவரைக் கொன்றுவிட்டார்கள், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றார்கள். தெரியாமல் சொன்னது அங்கே ஒரு உயிரை எடுத்தது. எங்கள் ஊர்களில் எத்தனையோ பெண்களின் வீட்டையும் நிலத்தையும் எடுத்திருக்கிறது.

இதற்குப் பிறகு எங்கள் தெருவில் பெண்களுக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தோம். சொல்லித் தருவது நிஸ்வான் (பெண்கள்) மதரஸாவில் ஓதிய ஆலிமா, எங்கள் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். ஆரம்பத்தில் ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து போனோம், ஆள் குறைந்துகொண்டே வந்தது. பிறகு கஸ்ஸாலி சொன்ன வழிக்கு மாறினோம். யார் வீட்டில் என்ன நடக்கிறதோ அதுதான் பாடம். ஒருத்தி மகளுக்கு நிக்காஹ் என்றால் மஹரும் தலாக்கும். ஒருத்தி ஹஜ்ஜுக்குப் போகிறாள் என்றால் இஹ்ராம். நகைச்சீட்டுப் போடுகிறவர்கள் நிறைய இருந்ததால் அதுவே இரண்டு மூன்று வாரம் ஓடியது. ஆளுக்கொரு நோட்டு. கேள்வி, பதில், எந்த வசனம் எந்த ஹதீஸ், யார் சொன்னது என்று எழுத வேண்டும். ‘எங்கேயோ கேட்டேன்’ என்பதற்கு நோட்டில் இடமில்லை. சீனா சென்றேனும் சீர்கல்வி தேடு என்பதை ஒருத்தி எழுத, ஆலிமா அடிக்கச் சொன்னார். ஹதீஸ் கலை அறிஞர்கள் அதை நபிமொழியாக ஏற்கவில்லையாம். பாதி மேடைப் பேச்சு காலியாகிவிடுமே என்று ஒருத்தி சிரித்தாள்.

இப்போது ஜகாத் ஓடுகிறது. எங்களுக்கு ஹனஃபி மத்ஹப், அணிகிற நகைக்கும் ஜகாத் உண்டு. 8 கிராம் பவுன் கணக்கில் ஏறக்குறைய 11 பவுன் சேர்ந்து ஒரு வருடம் ஆனால் நாற்பதில் ஒரு பங்கு. கீழக்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பெண், அவர்கள் ஷாஃபி மத்ஹப் என்பதால், பெண்கள் வரம்பு மீறாமல் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை என்பதே தங்களிடம் வலுவான கருத்து என்றாள். உடனே பலருக்கும் ஷாஃபி மத்ஹப் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. ஆலிமா அசரவில்லை. அவரவர் மத்ஹபில் அவரவர் நிற்கட்டும், அடுத்த வாரம் எல்லோரும் வீட்டில் இருக்கும் நகையை எடை போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வாங்க என்றார்.

அடுத்த வாரம் கூட்டம் கொஞ்சம் குறைவுதான்.